ஏடு மாறினால் போதுமா?

ஆண்டுதோறும் ஜூன் திங்களில் பள்ளிக் கதவுகள் திறக்கின்றன. புத்தம்புது நூலைப் பெற்ற சிறுவன் அதை முகர்ந்து பார்க்கிறான்; படங்களைப் புரட்டிப் பார்க்கிறான்; அட்டையிட்டுப் பெயரெழுதி மகிழ்கிறான். பாடத்திட்டம் மாறிய ஆண்டாக இருந்தால், அதே நாளில் அதே நூலை அவனைப் போலவே முதன்முறையாகப் புரட்டிப் பார்க்கும் மற்றொருவரும் அந்த வகுப்பறையிலே இருக்கிறார். அவர்தாம் ஆசிரியர்! சிறுவனுக்குப் புதுமை களிப்பூட்டுகிறது. ஆசிரியருக்கோ கலக்கமூட்டுகிறது. ஏனெனில், நாளைக் காலை அந்த நூலை அவர் நடத்தியாக வேண்டும்!

பாடத்திட்டம் மாறும் காலத்தில் சமூக அறிவியல் ஆசிரியருக்கு எத்தகைய பயிற்சி வேண்டும் என்பது, கல்வித்துறை அலுவலர்கள் கோப்புகளில் எழுதி முடித்துக்கொள்ளும் செய்தி என்று பலர் கருதுகின்றனர். நாம் அவ்வாறு கருதவில்லை. அந்தக் கோப்புக்குள்ளே ஓர் அறக்கேள்வி அடங்கியிருக்கிறது. தாம் கேட்டுத் தெளியாத ஒன்றைப் பிறருக்குக் கற்பிக்க ஒருவருக்கு உரிமை உண்டா? தெளிவதற்கு வாய்ப்பும் காலமும் தராமல், கற்பித்தே தீரவேண்டும் என்று அவரை ஏவ அரசுக்கு உரிமை உண்டா?

இந்த வினாவை ஏன் சமூக அறிவியல் ஆசிரியரிடம் குறிப்பாக எழுப்புகிறோம்? கணக்கிலே இரண்டும் இரண்டும் நான்கு. ஆட்சி மாறினாலும் அது மாறுவதில்லை. வரலாறும் குடிமையியலும் அப்படியல்ல. நாம் யார், நம் முன்னோர் யார், நிலம் யாருடையது, சட்டம் யாருக்காக என்றெல்லாம் பேசும் பாடம் அது. அதனாலேயே அரசுகளும் கட்சிகளும் மடங்களும் மன்றங்களும் அந்தப் பாடத்தின் மீதே முதலில் கண்வைக்கின்றன. நூலை எழுதுவதற்குப் பெரும்போர் நடக்கிறது. நூலை நடத்துபவரைப் பற்றியோ எவரும் வாய் திறப்பதில்லை!

அண்மைக் கால வரலாற்றைச் சற்றே நினைவுகூர்வோம். மாநிலப் பாடத்திட்டம், மெட்ரிகுலேஷன், ஆங்கிலோ இந்தியன், கீழ்த்திசைப் பள்ளி என நான்கு வழிகளாகப் பிரிந்து கிடந்த கல்வியை ஒருவழிப்படுத்தச் சமச்சீர் கல்விச் சட்டம் 2010இல் இயற்றப்பட்டது. முதலாம் வகுப்புக்கும் ஆறாம் வகுப்புக்கும் அவ்வாண்டே பொதுப்பாடத்திட்டம் நடைமுறைக்கு வந்தது. அடுத்த ஆண்டு, மற்ற வகுப்புகளுக்கு வரவேண்டிய வேளையில், ஆட்சி மாறியது. எந்த நூல் என்பதே உறுதியாகாமல் பள்ளிகள் திறந்தன. வழக்கு உச்சநீதிமன்றம் வரை சென்று, 2011 ஆகஸ்ட் 9ஆம் நாள் வந்த தீர்ப்புக்குப் பின்னரே பொதுப்பாடத்திட்டம் உறுதியாயிற்று. நூல்களின் சில பகுதிகள் தாள் ஒட்டியும் மை பூசியும் மறைக்கப்பட்டன. அந்தத் தாளை ஒட்டிய கைகள் யாருடையவை? பெரும்பாலும் ஆசிரியருடையவை! ஏன் மறைக்கிறோம் என்று அவரைக் கேட்டவர் உண்டா? என்ன எண்ணுகிறீர் என்று வினவியவர் உண்டா? இல்லை. பசையைத் தந்தனர், ஒட்டினார்.

பின்னர் 2017இல், கல்வியாளர் மு.அனந்தகிருட்டிணன் தலைமையில் குழு அமைந்து, பாடத்திட்டம் மீண்டும் திருத்தப்பட்டது. 2018 ஜூனில் 1, 6, 9, 11ஆம் வகுப்புகளுக்குப் புதிய நூல்கள் வந்தன. 2019இல் பத்தாம் வகுப்பு உள்ளிட்ட ஏனைய வகுப்புகளுக்கும் வந்தன. படங்கள் பொலிந்தன, பக்கங்கள் பெருகின, கைப்பேசியைக் காட்டினால் காணொலி தோன்றும் குறியீடுகள் மின்னின. கீழடி பாடநூலில் ஏறியது. நல்ல நூல்கள் என்று பலரும் பாராட்டினர். நாமும் பாராட்டுகிறோம்.

ஆனால், நூல் நடந்து வகுப்பறைக்குள் செல்வதில்லை. ஆசிரியர் வழியாகவே செல்கிறது. அவரைச் சென்றடையப் பயிற்சி என்று ஒன்று வைத்திருக்கிறோம். அது எப்படி நடக்கிறது? மாநிலக் கல்வியியல் நிறுவனத்தில் சிலர் பயில்கின்றனர். அவர்கள் கருத்தாளர்களாகி மாவட்டங்களில் சொல்கின்றனர். மாவட்டத்தில் கேட்டவர் வட்டார வள மையத்திலே சொல்கிறார். அங்கே கேட்ட ஆசிரியர் வகுப்பிலே சொல்கிறார். மலையுச்சியிலிருந்து விழும் அருவி போல அறிவு படிப்படியாக இறங்கி வருமாம்! அருவி இறங்கும், ஆனால் ஒவ்வொரு பாறையிலும் சிதறிச் சிதறி, அடிவாரத்துக்கு வரும்போது சாரல் மட்டுமே மிஞ்சும். மேலே கேள்வியாக இருந்தது நடுவிலே விடையாகிறது. விடையாக வந்தது அடியிலே ஆணையாகிறது. 2019இல் நடுவணரசு தொடங்கிய 'நிஷ்டா' பயிற்சி, பெருந்தொற்றின் போது 2020இல் இணையத்துக்கு இடம்பெயர்ந்தது. அங்கே படிகள் குறைந்தன. அது நன்று. ஆனால் காணொலியை ஓடவிட்டு, கட்டங்களில் குறியிட்டு, சான்றிதழை இறக்கிக்கொள்வதே பயிற்சியாகிவிட்டால், கேள்வி கேட்க எதிரே ஆளே இல்லை!

"நூல் நல்ல நூலாயிருந்தால் போதாதா? ஆசிரியர் அதை அப்படியே நடத்தினால் மாணவர் நல்லதைத்தானே கற்பர்?" என்று நம் தோழர்களிலேயே சிலர் வினவக்கூடும். பழைய நூலில் புராணம் இருந்தது. புதிய நூலில் அகழாய்வு இருக்கிறது. வேறென்ன வேண்டும் என்பது அவர்கள் எண்ணம்.

அவர்களுக்கு ஒரு வகுப்பறையைக் காட்ட விரும்புகிறோம். ஆசிரியர் படிக்கிறார்: "கீழடியின் காலம் கிறித்துவுக்கு முன் ஆறாம் நூற்றாண்டு." பின்வரிசைச் சிறுமி எழுகிறாள்.

"அய்யா, அது எப்படித் தெரியும்?"

"புத்தகத்தில் போட்டிருக்கிறது. அடிக்கோடு போட்டுக்கொள்."

"புத்தகம் எழுதினவர்களுக்கு எப்படி அய்யா தெரிந்தது?"

"தேர்வில் அதையெல்லாம் கேட்கமாட்டார்கள். உட்கார்!"

அவள் உட்கார்ந்தாள். அன்று அவள் கற்ற பாடம் கீழடி அன்று. கேட்காதே என்ற பாடம்! இதற்கு முன் அதே ஆசிரியர், அதே குரலில், வேறு நூலை வைத்துக்கொண்டு வேறு செய்தியைப் படித்திருப்பார். அன்றும் ஒரு சிறுமி கேட்டிருப்பாள். அன்றும் இதே விடைதான் கிடைத்திருக்கும். ஏடு மாறிவிட்டது. எண்ணும் முறை மாறவில்லை. வேதத்தின் இடத்தில் பாடநூல் அமர்ந்திருக்கிறது, அவ்வளவே.

அந்த ஆசிரியரைப் பழிக்கிறோமா? இல்லை. அவருக்கு யாரேனும் சொல்லியிருந்தால் அவரும் சொல்லியிருப்பார். உயிருள்ள எதிலும் கரி உண்டு. அந்தக் கரியில் ஒரு சிறுபகுதி காலப்போக்கில் தேயும் இயல்புடையது. ஏறத்தாழ 5730 ஆண்டுகளில் அது பாதியாகிறது. எஞ்சியதை அளந்தால் எவ்வளவு காலம் சென்றது என்று கணக்கிடலாம். கீழடியில் 353 சென்டிமீட்டர் ஆழத்திலிருந்து எடுத்த மாதிரியை அவ்வாறு அளந்தபோது கி.மு. 580 என்று வந்தது. மாநிலத் தொல்லியல் துறை 2019இல் அந்த முடிவை வெளியிட்டது. இவ்வளவுதான் செய்தி. பத்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். சொல்லியிருந்தால் அந்தச் சிறுமி அடுத்த கேள்வியும் கேட்டிருப்பாள்: "அந்தக் கரி கிடைத்த மண்ணடுக்கு கலையாமல் இருந்தது என்று எப்படித் தெரியும்?" அப்பொழுது அவள் வரலாறு படிக்கவில்லை, வரலாற்று ஆய்வையே தொடங்கிவிட்டாள்! ஆசிரியருக்கு அந்தப் பத்து நிமிடச் செய்தியைத் தராத பயிற்சி, பயிற்சியாகுமா?

நாம் இங்கே திருவாலங்காட்டுக்குச் செல்லவேண்டும். சென்னையிலிருந்து அரக்கோணம் செல்லும் இருப்புப்பாதையிலே, திருவள்ளூருக்கு அப்பால் அந்த ஊர் இருக்கிறது. பக்தர்கள் அங்கே ஆடலரசனைக் காணச் செல்வர், காரைக்காலம்மையாரை நினைப்பர். கரும்பு உழவர் அங்குள்ள கூட்டுறவுச் சர்க்கரை ஆலையை நினைப்பர். நாம் நினைப்பவை வேறு இரண்டு: ஒன்று அவ்வூர்ச் செப்பேடு, மற்றொன்று அடுத்த ஊரான பழையனூரின் கதை.

கதையை முதலில் சொல்வோம். நீலி என்ற பேய், தன்னை முற்பிறப்பில் கொன்ற கணவனைப் பழிவாங்க வணிகனொருவனைத் துரத்தி வந்ததாம். கள்ளிக்கொம்பைக் குழந்தையாக்கி இடுப்பிலே வைத்துக்கொண்டு, "இவர் என் கணவர், என்னைக் கைவிட்டார்" என்று பழையனூர் வேளாளர் எழுபதின்மர் முன் முறையிட்டதாம். வணிகன் மறுத்தான். அவனைக் காத்து வந்தது அவன் கையிலிருந்த மந்திர வாள். அதைக் கண்டால் அஞ்சுகிறேன் என்றாள் அவள். பெரியோர் அவன் கண்ணீரைக் கேட்டிலர். வாளைக் கீழே வைக்கச் செய்தனர். "உன் உயிருக்குத் தீங்கு நேர்ந்தால் எங்கள் உயிரைத் தருவோம்" என்று வாக்களித்து, இருவரையும் ஒரே வீட்டில் அடைத்தனர். விடிந்தபோது வணிகன் பிணமாகக் கிடந்தான். எழுபதின்மரும் சொன்ன சொல் தவறாமல் தீயில் இறங்கினர்.

பேயை நாம் நம்பவில்லை. நம்பச் சொல்லவும் இல்லை. வாக்குத் தவறாமைக்கு எடுத்துக்காட்டாக இக்கதையை நூற்றாண்டுகளாகச் சொல்லி வருகிறார்கள். நாமோ மற்றொன்றைக் கேட்கிறோம். எழுபது நல்லோர் இருந்தும், "குழந்தை யாருடையது? சான்று என்ன? இவன் ஏன் அழுகிறான்?" என்று கேட்க ஒருவர் கூட இல்லையா? வாக்கைக் காப்பதற்கு உயிரையே தந்தவர்கள், வாக்கைக் கொடுப்பதற்கு முன் ஒரு வினாவைத் தந்திருந்தால், எழுபத்தோர் உயிர்கள் பிழைத்திருக்குமே! அவர்கள் நேர்மையற்றவர் அல்லர். நேர்மை நிரம்பியவர்கள். ஆனால் ஆராயாத நேர்மை சாம்பலிலே முடிந்தது.

நம் ஆசிரியர் பெருமக்களிடமும் நேர்மைக்குப் பஞ்சமில்லை. நூல் சொன்னதைச் சொல்கின்றனர்; ஆணையிட்டதைச் செய்கின்றனர்; பாடத்தைக் குறித்த நாளில் முடிக்கின்றனர். வாக்குத் தவறாத வேளாளரைப் போலத்தான்! ஆனால் அவர்கள் கையிலிருந்த வாளை நாம் வாங்கி வைத்துவிட்டோம். வினா என்னும் வாள் அது. அதைத் திருப்பித் தருவதே பயிற்சி. மற்றவையெல்லாம் வருகைப் பதிவேடு!

இனிச் செப்பேட்டுக்கு வருவோம். 1905இல் வெளிப்பட்டவை 31 செப்பேடுகள். 1920இல் தென்னிந்தியக் கல்வெட்டுகள் தொகுதியில் அச்சேறின. இராசேந்திர சோழனுடைய ஆறாம் ஆட்சியாண்டில், அதாவது ஏறத்தாழ 1018இல், பழையனூரைத் திருவாலங்காட்டுக் கோயிலுக்கு அளித்த செய்தியைச் சொல்பவை அவை. வடமொழிப் பகுதி ஒன்று. தமிழ்ப் பகுதி ஒன்று. வடமொழிப் பகுதி கதிரவனிடம் தொடங்குகிறது. மனு, இக்குவாகு என்று இறங்கிச் சோழர் குலத்துக்கு வருகிறது. தமிழ்ப் பகுதியோ ஊரையும் எல்லையையும் ஆணையையும் பேசுகிறது.

இதை எப்படி நடத்துவது? ஓர் ஆசிரியர், "சோழர் சூரிய குலத்தவர், எழுதிக்கொள்" என்பார். மற்றோர் ஆசிரியர், நம் கொள்கையில் பற்றுடையவர், "எல்லாம் கட்டுக்கதை, விட்டுத் தள்ளு" என்பார். நம் இளைஞர்க்கு இரண்டாமவர் மீது அன்பு பிறக்கும். ஆனால் வெளிப்படையாகச் சொல்கிறோம்: இருவரும் ஒரே தவற்றைச் செய்தவர்கள். முன்னவர் கேட்காமல் ஏற்றார். பின்னவர் கேட்காமல் தள்ளினார். கேட்காமை இருவர்க்கும் பொது!

மூன்றாமவர் ஒருவர் வேண்டும். அவர் ஏட்டின் படியை மாணவர் முன் வைத்து இப்படித் தொடங்குவார்: "கொடை நடந்தது ஆறாம் ஆட்சியாண்டில். கங்கைப் படையெடுப்பும் கடாரப் படையெடுப்பும் அதற்குப் பின்னர், 1022க்கும் 1025க்கும் இடைப்பட்ட காலத்தில் நடந்தவை. ஆனால் வடமொழிப் பகுதி அந்த வெற்றிகளையும் பாடுகிறது. நடக்காத போரை முன்கூட்டியே பாட முடியுமா?" வகுப்பு விழித்துக்கொள்ளும். ஒருவன் சொல்வான், "பின்னால் சேர்த்திருப்பார்கள்." அறிஞர்கள் கண்ட முடிவும் அதுவே! பன்னிரண்டு வயதுச் சிறுவன், கல்வெட்டறிஞர் நடந்த வழியிலே தானாக நடந்து வந்துவிட்டான். அடுத்த கேள்விகள் தாமாகவே வரும். குலத்தைக் கதிரவனோடு இணைக்க வேண்டிய தேவை யாருக்கு? யார் படிப்பதற்காக வடமொழியில் எழுதினர். யார் படிப்பதற்காகத் தமிழில் எழுதினர்? ஓர் ஊரையே கொடையாகக் கொடுத்தபோது, அவ்வூரில் ஏர் பிடித்தவனிடம் ஒரு சொல் கேட்டிருப்பார்களா?

பகுத்தறிவு என்பது இதுதான். சூரிய குலம் பொய் என்ற முடிவு பகுத்தறிவு அன்று. அந்த முடிவுக்கு நடந்து சென்ற வழியே பகுத்தறிவு. முடிவை மட்டும் ஊட்டினால், நாளை வேறொருவர் வேறு முடிவை ஊட்டுவார். அதையும் விழுங்குவான் மாணவன். வாய் திறந்து விழுங்கப் பழகியவனுக்குத் தேனும் நஞ்சும் ஒன்றே.

முடிவுகள் மாறும் என்பதற்குத் திருவள்ளூர் மாவட்டமே சான்று பகர்கிறது. கொற்றலையாற்றுப் பகுதியிலே அதிரம்பாக்கம் இருக்கிறது. 1863இல் இராபர்ட் புரூஸ் பூட் அங்கே கற்கருவிகளைக் கண்டார். இந்தியாவின் பழங்கற்காலம் என்ற சொல்லுக்கே அத்தகைய கண்டுபிடிப்புகள்தாம் வழிதிறந்தன. அங்கு மீண்டும் அகழ்ந்து ஆய்ந்தவர்கள், அக்கருவிகளுள் மூத்தவை ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுப் பழமையுடையவை என்று 2011இல் அறிவித்தனர். இடைப் பழங்கற்காலக் கருவித்திறம் அங்கே ஏறத்தாழ 3,85,000 ஆண்டுகளுக்கு முன்னரே தோன்றிவிட்டதென 2018இல் அறிவித்தனர். 1995இல் பட்டம் பெற்று வேலையில் சேர்ந்த ஆசிரியர் இவற்றைக் கல்லூரியில் படித்திருக்க முடியுமா? முடியாது. அவர் படித்தது பொய்யா? பொய்யன்று, அன்றைய சான்று அவ்வளவே. சான்று வளர்ந்தால் முடிவு வளரும் என்று அறிந்தவர் இந்த மாற்றத்தைப் புன்னகையோடு ஏற்பார். நூலே உண்மை என்று பழகியவரோ, "நேற்று ஒன்று சொன்னீர்கள், இன்று வேறு சொல்கிறீர்களே!" என்று திகைப்பார். மாணவன் அவரை நகைப்பான். அவரும் நாளடைவில் எதையும் நம்பாமல், எதையும் நடத்துவார்.

இத்தகைய திகைப்பு ஒரு நாடு முழுவதையும் பற்றிக்கொண்ட காலம் உண்டு. 1945இல் சப்பான் போரில் தோற்றது. பேரரசருக்காக உயிர்விடுவதே பிறவிப்பயன் என்று முதல்நாள் வரை கற்பித்த ஆசிரியர்கள், அதே மாணவரிடம் தூரிகையைக் கொடுத்து, அதே நூலின் வரிகளைக் கருமையால் பூசி மறைக்கச் சொன்னார்கள். அவ்வாண்டு இறுதியில் வரலாறு, நிலவியல், ஒழுக்கப்பாடம் ஆகியவை நிறுத்தப்பட்டன. 1947இல் சமூகக்கல்வி என்ற புதிய பாடம் பிறந்தது. புதிய பாடம் நல்ல பாடமே, குடியாட்சியைப் பேசியது. ஆனால் கருமை பூசிய அந்தச் சிறுவர் மனத்தில் எழுந்த கேள்வி என்ன? "நேற்றுச் சொன்னபோதும் இதே உறுதியோடுதானே சொன்னீர்கள்?" மாணவரை மீண்டும் போர்க்களத்துக்கு அனுப்பமாட்டோம் என்று அந்நாட்டு ஆசிரியர் சங்கம் 1951இல் உறுதி பூண்டது. பாடநூலில் அரசு கைவைப்பதை எதிர்த்து இயெனாகா சபுரோ என்ற வரலாற்றுப் பேராசிரியர் 1965இல் தொடங்கிய வழக்குகள் 1997 வரை நடந்தன. ஏவிய சொல்லை ஏவியபடி சொன்னதன் விலை என்னவென்று கண்டவர்கள் அவர்கள்!

தென்னாப்பிரிக்கா மற்றொரு பாடம் தருகிறது. நிறவெறி ஆட்சி 1994இல் வீழ்ந்தது. அடிமைக் கல்வியை அழிக்கப் புதிய பாடத்திட்டம் ஒன்றை அறிவித்து, 1998இல் வகுப்பறைக்குக் கொண்டுவந்தனர். நோக்கம் தூயது. ஆனால் ஆசிரியர்க்குக் கிடைத்த பயிற்சி குறுகியது. அதுவும் மேலிருந்து கீழே படிப்படியாக இறங்கிய பயிற்சி. 2000இல் அமைந்த மறுஆய்வுக் குழு, ஆசிரியர் பயிற்சியின் போதாமையைக் குறையாகச் சுட்டிக்காட்டியது. பாடத்திட்டம் திருத்தி எழுதப்பட்டது. விடுதலைப் போராட்ட வீரர்கள் எழுதிய திட்டமே ஆசிரியரை மறந்ததால் தடுமாறியது என்றால், நாம் எம்மாத்திரம்?

நம் வரலாற்றிலும் ஆசிரியரைக் கேளாமல் திட்டம் தீட்டிய கொடுமை உண்டு. 1953இல் கொண்டுவரப்பட்ட குலக்கல்வித் திட்டம், பிள்ளைகளுக்கு மூன்று மணிநேரப் பள்ளி, எஞ்சிய நேரம் தந்தை தொழில் என்றது. பிள்ளைகள் இரண்டு கூட்டமாக வருவர். ஆசிரியரோ இரண்டு கூட்டத்துக்கும் ஒருவரே! மக்கள் கொதித்தெழுந்தனர், 1954இல் அத்திட்டம் வீழ்ந்தது. பிள்ளைகளின் எதிர்காலத்துக்காக நாடே போராடியது நினைவில் இருக்கிறது. அந்த ஆசிரியரின் முதுகொடிந்த கதையும் அதனுள்ளே இருப்பதை நினைப்பவர் குறைவு.

திருத்தணி வட்டத்து ஆசிரியரை எண்ணிப் பாருங்கள். திருவாலங்காடு அந்த வட்டத்தைச் சேர்ந்தது. 1953இல் ஆந்திரம் தனி மாநிலமானபோது அந்த நிலம் அங்கே சென்றது. 1960 ஏப்ரல் 1ஆம் நாள் போராட்டத்தின் பயனாகத் தமிழகத்துக்குத் திரும்பியது. ஏழாண்டுக்குள் இருமுறை நாட்டுப்படம் மாறியது! ஆசிரியர் நின்ற இடத்திலேயே நின்றார். அவர் காலடியில் மாநிலம் மாறியது. எல்லை என்பது இயற்கை வரைந்த கோடு அன்று, மக்கள் வாதாடி வரைந்த கோடு என்று சொல்லிக்கொடுக்க அதைவிடச் சிறந்த வாய்ப்பு வேறு உண்டா? படத்தை மாற்றி மாட்டு என்ற ஆணையைவிட, ஏன் மாறியது என்று மாணவரோடு பேசு என்ற உரிமையே அந்த ஆசிரியருக்குத் தேவைப்பட்டது.

"ஆசிரியர்க்குச் சோம்பல், பயிற்சிக்கு வந்தாலும் தூங்குகின்றனர்" என்று சிலர் ஏளனம் செய்வர். அவர்களை ஒன்று கேட்கிறோம். சமூக அறிவியல் ஆசிரியர் ஒருவர். அவர் நடத்தவேண்டியவையோ வரலாறு, புவியியல், குடிமையியல், பொருளியல் என நான்கு. வரலாறு பட்டம் பெற்றவர் பருவக்காற்றையும் பாறை வகையையும் விளக்க வேண்டும். புவியியல் பட்டம் பெற்றவர் பிரெஞ்சுப் புரட்சியை விளக்க வேண்டும். இதற்கிடையே மாணவர் விவரங்களைக் கணினியில் ஏற்றவேண்டும். தேர்தல் வந்தால் வாக்குச்சாவடி. கணக்கெடுப்பு வந்தால் தெருத்தெருவாக நடை. நான்கு பாரத்தை ஏற்றி ஐந்தாவதாகப் பயிற்சியையும் ஏற்றினால், தூங்காமல் என்ன செய்வார்? தூக்கம் அவருடைய குற்றமன்று. அவரை எழுப்பும்படியான ஒரு கேள்வி அந்தக் கூடத்திலே எழவில்லை என்பதற்குச் சான்று!

கும்மிடிப்பூண்டித் தொழிற்பேட்டைப் பகுதியையும் நினைத்துப் பார்க்கவேண்டும். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் பிழைப்புத் தேடி வந்தோர் அங்கே உருக்காலைகளில் வேகின்றனர். அவர்களின் பிள்ளைகள் நம் பள்ளிகளில் நம் பிள்ளைகளின் பக்கத்தில் அமர்கின்றனர். "நம் முன்னோர் கடாரம் வென்றனர்" என்று ஆசிரியர் முழங்கும்போது அந்தப் பிள்ளை எங்கே பார்க்கும்? பெருமையை மட்டும் ஓதத் தெரிந்த ஆசிரியர் அந்தப் பிள்ளையைக் கண்ணாலும் காணமாட்டார். வினவத் தெரிந்த ஆசிரியரோ, "உங்கள் ஊரிலும் பழைய கல்வெட்டு உண்டா? உங்கள் தந்தை ஏன் இவ்வளவு தொலைவு வந்தார்?" என்று கேட்பார். அந்த ஒரு கேள்வியில் வரலாறு, புவியியல், பொருளியல், குடிமையியல் நான்கும் அடங்கிவிடும். சமத்துவமும் அடங்கிவிடும்.

அப்படியானால் எத்தகைய பயிற்சி வேண்டும்? ஐந்து செய்திகளை முன்வைக்கிறோம்.

முதலாவது, முடிவைத் தராமல் சான்றைத் தரவேண்டும். புதிய நூலில் ஒரு வரி வந்தால், அந்த வரிக்குப் பின்னால் நிற்கும் ஏடும் எலும்பும் கரியும் கல்லும் எவை என்று ஆசிரியர் தம் கையால் தொட்டறிய வேண்டும்.

இரண்டாவது, கூடத்தைவிட்டு வெளியேற வேண்டும். திருவள்ளூர் மாவட்ட ஆசிரியர்க்குத் திரூரில் பயிற்சி நிறுவனம் இருக்கிறது. பூண்டியில் தொல்பழங்கால அருங்காட்சியகம் இருக்கிறது. அதிரம்பாக்கமும் பழையனூரும் திருவாலங்காடும் இருக்கின்றன. ஒரு நாள் பேருந்து ஏறிச் சென்றால் ஓராண்டுக்கு உதவும் பாடம் கிடைக்கும்.

மூன்றாவது, ஒருவரையொருவர் கற்பிக்க வேண்டும். வரலாறு படித்தவரும் புவியியல் படித்தவரும் திங்கள்தோறும் குறுவள மையத்தில் அமர்ந்து, தமக்குத் தெரியாததை வெட்கமின்றிக் கேட்டுக்கொள்ள வேண்டும். அந்நேரத்தை வேறு வேலைக்குப் பறிக்கக்கூடாது.

நான்காவது, வகுப்பறை வரை வரவேண்டும். ஒருநாள் சொற்பொழிவோடு முடியும் பயிற்சி, நட்டுவிட்டு நீரூற்றாத நாற்று. பயிற்றுநர் வந்து பார்க்கவேண்டும். குறைகாண அன்று, துணைநிற்க.

ஐந்தாவது, "எனக்குத் தெரியாது, சேர்ந்து தேடுவோம்" என்று மாணவர்முன் சொல்லும் உரிமை ஆசிரியருக்கு வேண்டும். அதைச் சொன்னால் மதிப்புக் குறையும் என்று அவரை அஞ்சவைத்தவர்கள் நாம். உண்மையில், எல்லாம் தெரியும் என்பவர் பூசாரி. தேடுவோம் என்பவரே ஆசிரியர்.

தோழர்களே! 2025 ஆகஸ்ட் 8ஆம் நாள் தமிழ்நாடு அரசு மாநிலக் கல்விக் கொள்கையை வெளியிட்டது. நூல்கள் இனியும் மாறும், மாறத்தான் வேண்டும். எந்தப் பெயர் சேர்ந்தது, எந்தப் பெயர் நீங்கியது என்று நாமும் மேடைகளில் முழங்குவோம், முழங்கவும் வேண்டும். ஆனால் நம்மை நாமே ஒன்று கேட்டுக்கொள்வோம். நாம் விரும்பும் கருத்துகளே நாளை நூல் முழுவதும் நிறைந்திருந்து, அவற்றை மாணவர் கண்ணைமூடிக்கொண்டு ஓதினால், அது நமக்கு வெற்றியா? அன்று, பெருந்தோல்வி! நம் கருத்துக்கு மாணவன் அடிமையாவதும் அடிமைத்தனமே. அவன் நம்மையும் கேள்வி கேட்கவேண்டும். கேட்டு, எடைபோட்டு, ஏற்றால் மகிழ்வோம். மறுத்தால் மறுமொழி சொல்வோம்.

ஆதலால் உங்கள் ஊர்ப் பள்ளிக்குச் செல்லுங்கள். சமூக அறிவியல் ஆசிரியரைக் காணுங்கள். "பாடம் முடிந்ததா அய்யா?" என்று கேளாதீர்கள், அதைக் கேட்க அலுவலர் இருக்கின்றனர். "உங்களுக்கு என்ன நூல் வேண்டும்? எந்த இடத்தைப் பார்க்கவேண்டும்? நாங்கள் என்ன உதவி செய்யட்டும்?" என்று கேளுங்கள். படிப்பகத்தில் ஒரு மேசையை அவருக்கு ஒதுக்குங்கள். நம் இயக்கங்கள் ஊர்தோறும் படிப்பகம் வைத்தது வினவுவோரை வளர்க்கத்தானே?

பழையனூரில் எழுபதின்மர் தீயில் இறங்கியது வாக்கைக் காக்க. அத்தகைய தியாகத்தை நாம் ஆசிரியரிடம் கேட்கவில்லை. தீயில் இறங்குவதற்கு முன்னர் ஒரு கேள்வியை எழுப்பும் துணிவையே கேட்கிறோம். அவர் அதை எழுப்பவேண்டுமானால், அவர் கையிலிருந்து நாம் வாங்கிவைத்த வாளை முதலில் நாம் திருப்பித் தரவேண்டும்.

பின்வரிசைச் சிறுமி இன்னும் காத்திருக்கிறாள். "அய்யா, எப்படித் தெரியும்?" என்ற அவள் கேள்வி அந்த வகுப்பறையில் இன்னும் விடையின்றி நிற்கிறது. நாளை அவள் மீண்டும் எழுந்தால், "நல்ல கேள்வி அம்மா, வா, பார்ப்போம்" என்று சொல்லும் ஆசிரியர் அங்கே இருக்கட்டும்.